தாய்க்காக மலையைப் பெயர்க்க வந்தவன்

திருகோணமலையின் பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து, மரநிழலில் மேயும் மான்களுக்கு இடையே கோணேசர் ஆலயத்தை நோக்கி ஏறுகின்ற அடியார்கள், சந்நிதியை அண்மித்ததும், மலையுச்சியிலிருந்து கடல்வரை வகிர்ந்தாற்போல் இறங்குகின்ற ஒரு பெரும் பிளவின் அருகே நின்று எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. இராவணன் வெட்டு என்பது அதன் பெயர். முதுமையினால் ஆலயத்துக்கு வரமாட்டாத தன் தாய், இருந்த இடத்திலேயே கோணநாதரைப் பூசிக்க வேண்டும் என்று விரும்பிய இலங்கை வேந்தன், மலையையே பெயர்த்துச் செல்லத் துணிந்து வாளை ஓங்கினான் என்றும், அந்தச் செருக்குக்காக இறைவனால் அழுத்தப்பட்டான் என்றும், பின்னர் தாய் இறந்தாள் என்று கேட்டு, நகருக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வடமேற்கேயுள்ள கன்னியாவில் நிலத்தைக் குத்தி வெந்நீர் வரவழைத்து அவளுக்கு ஈமக்கிரியை செய்தான் என்றும் இப்பகுதியின் ஐதிகம் கூறும். அங்கே ஏழு கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில், இன்றும் ஊறுகின்றன. பெற்றோரை இழந்த நம்மவர் அந்தியேட்டிக் கிரியைக்காக அவ்விடம் செல்வது நெடுநாள் வழக்கம்.

இராமகதையின் பெரும் பகைவனை, அவன் குற்றத்தை ஒருசிறிதும் மறைக்காமல், ஆயினும் வெறுக்க முடியாத விதமாக இந்த ஐதிகம் நம்முன் நிறுத்துகிறது. இன்று நம் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் சூப்பர் ஹீரோ படங்களில், சில வில்லன்கள் மட்டும் படம் முடிந்த பின்பும் மனத்தை விட்டு அகலாதிருக்க, வேறு பலர் கொட்டாவியோடு மறக்கப்படுவது ஏன் என்ற கேள்விக்கு, அந்தப் பிளவின் விளிம்பிலேயே ஒரு விடை கிடைக்கிறது என்பது என் துணிபு. தாயின் பூசைக்கு வழி செய்ய விரும்பாத மகன் யார்? இராவணனுடைய நோக்கம் நம்முடைய நோக்கமே. அதற்காக அவன் கைவைத்த இடமே நம்முடையதன்று. அவனோடு பெரும்பகுதி தூரம் நாமும் நடக்கிறோம், ஓர் அடியில் நின்றுவிடுகிறோம், அவன் நிற்பதில்லை. அந்த ஓர் அடி எதுவென்று பார்ப்பவனுக்குத் தெளிவாகத் தெரியும்போதுதான் வில்லன் உயிர்பெறுகிறான்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘எக்ஸ்-மென்’ படம், 1944இல் நாஜிகளின் வதைமுகாம் ஒன்றின் வாயிலில், மழையில் பெற்றோரிடமிருந்து பிரித்து இழுக்கப்படும் ஒரு யூதச் சிறுவனோடு தொடங்குகிறது. அவனுடைய துயரத்தின் வேகத்தில் இரும்புக் கதவு வளைகிறது. வளர்ந்து மாக்னீட்டோ ஆன அவன், தன்னைப் போன்ற விசேஷப் பிறவிகளைப் பதிவுசெய்ய வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப்படுவதைக் கேட்டுக் கொதிக்கிறான். பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொடுத்துவிட்டு அந்தப் பதிவேடு எங்கே போகுமோ என்று அஞ்சியிருந்த அனுபவம் உள்ள நம் மக்களுக்கு அந்தக் கொதிப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை.

2018இல் வந்த ‘பிளாக் பாந்தர்’ படத்தின் கில்மோங்கர், தன் தந்தையைச் சொந்தப் பெரியப்பனான வக்காண்டா அரசனே கொன்றுவிட, அமெரிக்க நகரொன்றில் அநாதையாகக் கைவிடப்பட்டவன். உலகெங்கும் கறுப்பின மக்கள் வதைபட்டபோது இவ்வளவு செல்வமும் ஆயுதமும் வைத்துக்கொண்டு நீங்கள் எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்பது அவன் கேள்வி. அக்கேள்விக்கு விடை சொல்ல முடியாமல், படத்தின் முடிவில் கதாநாயகனே தன் நாட்டின் கதவுகளைத் திறந்துவிடுகிறான். ஆயினும் கில்மோங்கர், தன்னோடு கூட நின்ற பெண்ணையே, அவள் தன் வழிக்கு இடையூறு ஆனதும் சுட்டுக் கொல்கிறான். நாம் அவனை விட்டுப் பிரியும் அடி அதுவே.

இதே 2018இல் ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் பிரபஞ்சத்தின் உயிர்களில் சரிபாதியை அழிக்கப் புறப்பட்ட தானோஸைப் பலர் மெச்சுகின்றனர். வளம் குறைவு, வாய்கள் அதிகம் என்ற அவன் வாதம் எனக்கு வெறும் கணக்காகவே தோன்றுகிறது. எதையும் ஆக்கவல்ல சக்தி கைக்கு வந்தவன் உயிர்களைக் குறைக்காமல் வளத்தைப் பெருக்கியிருக்கலாமே! வளர்ப்பு மகள் கமோராவை அழுதுகொண்டே பலியிடும் அந்த ஒரு காட்சியில்தான் அவன் நம்பத்தக்கவன் ஆகிறான். அங்கே கணக்கு இல்லை, ஓர் உறவு அறுபடுகிறது.

இவர்கள் எல்லாரையும்விட எனக்கு நெருக்கமானவன், பசில் ஜோசப் இயக்கி 2021இல் வெளிவந்த ‘மின்னல் முரளி’ என்ற மலையாளப் படத்தின் ஷிபு. தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் அந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். ஒரே இரவில், ஒரே மின்னல், ஒரே ஊரைச் சேர்ந்த இருவர்மேல் இறங்குகிறது. ஒருவன் நாயகனாகவும் மற்றவன் வில்லனாகவும் ஆகின்றனர். ஊராரால் பித்தன் என்று ஒதுக்கப்பட்டு, உஷா என்ற பெண்ணை ஆண்டாண்டுகளாக மௌனமாக நேசித்துவந்த ஷிபுவுக்கு உலகை ஆளும் ஆசை ஏதும் கிடையாது. அவளுடைய நோயுற்ற குழந்தையின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பதற்காகவே அவன் வங்கியைக் கொள்ளையிடுகிறான். கடைசியில் அவள் அவனை ஏற்றுக்கொள்ளும்போது அவன் முகத்தில் தோன்றுகின்ற, நம்பவும் முடியாமல் தாங்கவும் முடியாமல் தவிக்கின்ற மகிழ்ச்சியைக் கண்டவர்கள், பின்னர் அவளைத் தீக்கு இழந்து அவன் ஊரையே எரிக்கப் புறப்படுகையில், அவனைத் தடுக்க வேண்டும் என்று விரும்புவார்களேயன்றி அவன் அழிய வேண்டும் என்று விரும்பமாட்டார்கள். தன் துயரத்தை அவன் நீண்ட பிரசங்கமாக எங்குமே எடுத்துச் சொல்வதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. வில்லன் வாய் திறந்து தன் பால்யத்தின் கஷ்டங்களை வரிசையாக ஒப்புவிக்கத் தொடங்கும் படங்களில், எழுதியவர் செய்யத் தவறிய வேலையைப் பாத்திரத்தின் தலையில் சுமத்திவிட்டார் என்றே கொள்ளவேண்டும்.

இந்த வித்தையைக் கம்பர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்! தங்கை சூர்ப்பணகை மூக்கறுபட்டு வந்து விழுந்த இடத்தில் இராவணனின் கோபம் தொடங்குகிறது. தமையன் எவனுக்கும் நேரும் கோபம் அது. ஆனால் அவள் சீதையின் அழகை வருணிக்க வருணிக்க, கோபம் இருந்த இடத்தில் ஆசை வந்து குடியேறுகிறது. பெயர் மட்டும் மானம் என்றே இருந்துவிடுகிறது. இந்தப் புரட்டை மந்திராலோசனைச் சபையிலேயே சுட்டிக்காட்டி இடித்துரைத்த தம்பி கும்பகருணன், அதே அண்ணனுக்காகப் போர்க்களத்தில் உயிரையும் கொடுக்கிறான். முதல்நாள் போரில் ஆயுதம் இழந்து வெறுங்கையோடு திரும்பிய இரவில், தேவர்களும் பகைவர்களும் நகைப்பார்களே என்பதற்கு அன்றி, சீதை நகைப்பாளே என்பதற்காக நாணிச் சாம்பும் இராவணனைக் கம்பர் காட்டுகிறார். உலகத்தை வென்றவன் ஒருத்தியின் சிரிப்புக்கு அஞ்சுகிறான் என்பதை நம்புவதற்கு நமக்குப் பத்துத் தலை வேண்டியதில்லை.

கம்பருக்குப் பல நூற்றாண்டு முன்னரே, ஏழாம் நூற்றாண்டில், கோணமாமலையையும் பாடிய திருஞானசம்பந்தர், தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் இராவணனை நினைவுகூர்வதை ஒரு நியதியாகவே கொண்டிருந்தார். கயிலையை எடுத்தவன் விரல் நுனியால் நசுக்கப்பட்டதும், பின்பு இசைபாடி அருள் பெற்றதும் அவ்வரிசையில் மீண்டும் மீண்டும் சொல்லப்படுகின்றன. தண்டனையும் கிருபையும் ஒருவனுக்கே உரியவையாகப் பாடிவந்த மரபில் வளர்ந்ததனாலேதான், வில்லனை முழு இருளாகத் தீட்டும் கதைகள் நமக்கு அந்நியமாகப் படுகின்றன என்று நினைக்கிறேன்.

இதற்கு மறுகோடியும் உண்டு. 1946இல் புலவர் குழந்தை இயற்றிய ‘இராவண காவியம்’ அவனைக் குற்றமே அற்ற தமிழ் வேந்தனாகப் பாட, 1948இல் சென்னை அரசாங்கம் அந்நூலைத் தடைசெய்தது. வில்லனின் நியாயத்தை எடுத்துரைப்பது எத்துணை பலமுள்ள காரியம் என்பதற்கு அந்தத் தடையே சாட்சி. எனினும், குற்றம் முழுவதும் நீங்கிய இராவணன் நாயகன் ஆகிவிடுகிறான். அவனை வணங்கலாம், அவனுக்காகப் பதைக்க இயலாது. தவறு என்று தெரிந்தும் அவனுக்காகப் பதைக்கச் செய்கின்ற கம்பரின் இராவணனே பெரியவன் என்பது என் தீர்ப்பு. 1971இல் தடை நீக்கப்பட்டுவிட்டது. இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படித்து வாசகர் தம் தீர்ப்பைத் தாமே வழங்கலாம்.