இ-நாம் மின்னணு ஏலத்தில் நல்ல விலை பெறுவது எப்படி? ஆரம்பாக்கம் பகுதி விவசாயிகளுக்கு ஒரு வழிகாட்டி

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஆரம்பாக்கம் பகுதி ஊர்க்காரர்களுக்கு ஏலம் புதிதல்ல. படகு கரைக்கு வந்ததும் இறால், நண்டுக் கூடைகளைச் சுற்றி எத்தனை வியாபாரிகள் நிற்கிறார்கள் என்று பார்த்தே அன்றைய விலையை நீங்கள் ஊகித்துவிடுவீர்கள். பத்துப் பேர் நின்றால் ஒரு விலை, இரண்டு பேர் நின்றால் வேறு விலை. வலைக்கும் படகுக்கும் முன்பணம் வாங்கியவருக்கோ எத்தனை பேர் நின்றாலும் பயனில்லை. பணம் கொடுத்தவருக்கே அவர் சரக்கைப் போட வேண்டும்.

நெல்லிலும் நிலக்கடலையிலும் இதே கதைதான். களத்துமேட்டுக்கு ஒரே ஒரு வியாபாரி வந்தால் அவர் சொல்வதுதான் விலை. அந்த ஒருவரைப் பலராக்குவதற்கு வந்த வழிதான் மின்னணு ஏலம். ஆனால் பதிவு செய்த உடனே விலை ஏறிவிடாது. ஏலத்துக்கு முன் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விலை இருக்கிறது.

இ-நாம் என்றால் என்ன?

மின்னணு தேசிய வேளாண் சந்தை எனப்படும் இ-நாம், 2016 ஏப்ரல் 14-ல் தொடங்கப்பட்டது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களை ஒரே இணையதளத்தில் இணைப்பது இதன் நோக்கம். உங்கள் சரக்கு விற்பனைக்கூடத்தில் இருக்கும்; வியாபாரி தன் கடையில் இருந்தபடியே செல்போனில் விலை கேட்பார். விவசாயியிடம் கமிஷனோ தரகோ பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணத்தை வாங்கும் வியாபாரியே செலுத்துகிறார்.

இது வேளாண், தோட்டக்கலை விளைபொருட்களுக்கான சந்தை. ஏரி மீனும் இறாலும் இன்னும் கரை ஏலத்தில்தான் போகின்றன. ஆனால் கரையில் நீங்கள் கற்ற பாடம் இங்கேயும் உதவும்.

விலை எதனால் ஏறுகிறது?

இரண்டு காரணங்கள். முதலாவது, ஏலம் கேட்பவர்களின் எண்ணிக்கை. இரண்டாவது, அவர்களுக்கு உங்கள் சரக்கின் மேல் உள்ள நம்பிக்கை.

இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. சரக்கைக் கண்ணால் பார்க்காத வியாபாரி, உள்ளே ஈரம் இருக்குமோ, கல் இருக்குமோ என்று பயப்படுவார். ஏமாந்துவிடக் கூடாது என்று கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தே கேட்பார். ஏலக் கோட்பாட்டை ஆராய்ந்து 2020-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் ஆகியோரும் இதை விளக்கியிருக்கிறார்கள்: வாங்குபவரின் சந்தேகம் குறைந்தால் அவர் துணிந்து கேட்பார்.

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏற்பாட்டில் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு லாட்டின் மாதிரியும் வியாபாரிகளின் கைக்குப் போகிறது. நிறமும் பருமனும் பார்த்த பிறகே அவர்கள் விலை கேட்கிறார்கள். இ-நாமில் அந்த மாதிரியின் வேலையைச் செய்வது தர ஆய்வு அறிக்கை.

சரக்கைத் தயார் செய்யுங்கள்

* காயவையுங்கள். நிலக்கடலைக் காயில் ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நெல்லுக்கு 17 சதவீதம் என்பது நேரடி கொள்முதல் நிலையங்களின் வழக்கமான வரம்பு.
* சுத்தம் செய்யுங்கள். கல், மண், சருகு, பொக்குக் காய் எல்லாம் அறிக்கையில் பதிவாகும்.
* பிரித்து வையுங்கள். நல்ல காயோடு சுமாரான காயைக் கலந்தால், வியாபாரி முழு லாட்டையும் சுமாரான காயாகவே கணக்கிடுவார். இரண்டு லாட்டாகக் கொடுங்கள். இரண்டு ரகங்களையும் கலக்க வேண்டாம்.
* சேர்ந்து விற்கப் பாருங்கள். ஐந்து மூட்டைக்காக வெளியூர் வியாபாரி லாரி அனுப்ப மாட்டார். ஒரே ரகம் பயிரிட்டவர்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலம் சேர்ந்து விற்றால் புதிய வியாபாரிகளும் கேட்பார்கள்.

"காயவைத்தால் எடை குறையுமே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 12 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ காயை 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் சுமார் 4.3 கிலோ குறையும். குவிண்டால் 6,200 ரூபாய் என்றால், காய்ந்த காய்க்குச் சுமார் 280 ரூபாய் கூடக் கிடைத்தால்தான் சமம். ஆனால் ஈரக் காயை வைத்திருக்க முடியாது. பூஞ்சணம் பிடிக்கும், அஃப்ளாடாக்சின் நச்சு உண்டாகும். அதனால் கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். காய்ந்த சரக்கு வைத்திருப்பவர்தான் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல முடியும்.

அடிமட்ட விலையை வீட்டிலேயே கணக்கிடுங்கள்

ஏல நாளில் பதற்றத்தில் முடிவு எடுக்காதீர்கள். இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற விலையை முன்பே எழுதி வையுங்கள். புரிவதற்காக ஒரு கணக்கு:

உங்களிடம் 20 குவிண்டால் நிலக்கடலை இருக்கிறது. 40 கிலோ வீதம் 50 மூட்டை. உள்ளூர் வியாபாரி குவிண்டாலுக்கு 6,200 ரூபாய் சொல்கிறார். மொத்தம் 1,24,000 ரூபாய். மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு பிடித்தால் 50 கிலோ, அதாவது 3,100 ரூபாய் போகும். கையில் கிடைப்பது 1,20,900 ரூபாய்.

விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோக வண்டி வாடகை 3,000, கூலி 1,000 ஆகிறது என்று வையுங்கள். அப்படியானால் ஏலத்தில் 1,24,900 ரூபாய் கிடைத்தால்தான் இரண்டும் சமம். குவிண்டாலுக்கு 6,245 ரூபாய். அதுதான் உங்கள் அடிமட்ட விலை. ஏலத்தில் 6,500 கிடைத்தால் 5,100 ரூபாய் லாபம். அதே 6,200 தான் கிடைத்தால் 900 ரூபாய் நட்டம்.

நெல்லுக்கு, அருகில் நேரடி கொள்முதல் நிலையம் திறந்திருந்தால் அங்கு கிடைக்கும் விலையே அடிமட்டம்.

ஏல நாளில் என்ன நடக்கும்?

முதல்முறை போகும்போது அடையாள அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், செல்போன் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பதிவு இலவசம். வாசலில் சரக்கின் விவரத்தைப் பதிந்து லாட் எண் தருவார்கள். பிறகு மாதிரி எடுத்துத் தரம் பார்ப்பார்கள். மேல் மூட்டையில் மட்டும் எடுக்காமல் பல மூட்டைகளில் எடுக்கிறார்களா என்று உடனிருந்து பாருங்கள். அறிக்கை தவறு என்று தோன்றினால், ஏலம் தொடங்கும் முன்பே மறு ஆய்வு கேளுங்கள்.

ஏல நேரத்தில் விலை ஏறுவதை இ-நாம் செயலியில் பார்க்கலாம். அதிகபட்ச விலை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒப்புக்கொண்டால் எடை போட்டு, விற்பனை ரசீது தருவார்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வரும்.

போவதற்கு முந்தைய நாளே விற்பனைக்கூடத்துக்குப் போன் செய்து ஒரு கேள்வி கேளுங்கள்: "போன ஏலத்தில் இந்தச் சரக்குக்கு எத்தனை பேர் விலை கேட்டார்கள்?" இரண்டே பேர் என்றால் அது பெயருக்குத்தான் மின்னணு ஏலம். வரத்தும் வியாபாரிகளும் அதிகமுள்ள நாளுக்குத் தள்ளிவையுங்கள், அல்லது வேறு கூடத்தை விசாரியுங்கள். வண்டிச் செலவு கட்டுப்படியாகாது என்றால், அலுவலர்கள் உங்கள் இடத்துக்கே வந்து மாதிரி எடுத்து ஏலத்தில் ஏற்றும் பண்ணை வழி வர்த்தக வசதி கிடைக்குமா என்று கேளுங்கள்.

மறுக்கும் வலிமை எங்கிருந்து வரும்?

மறுக்கும் உரிமை காகிதத்தில் இருந்தால் போதாது. விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடமே முன்பணம் வாங்கியவர், எத்தனை செயலி வந்தாலும் அவருக்குத்தான் போடுவார். அதனால் சாகுபடிச் செலவுக்கு முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்தின் பயிர்க்கடனை நாடுங்கள்.

அறுவடை முடிந்து உடனே பணம் தேவைப்பட்டாலும் வழி இருக்கிறது. விற்பனைக்கூடக் கிடங்கில் சரக்கை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் பெறலாம். வட்டி, கிடங்கு வாடகை ஆகியவற்றைக் கேட்டு, விலை அதைவிட ஏறும் என்று தோன்றினால் மட்டும் வையுங்கள். விலை இறங்கவும் கூடும்.

பண விஷயத்தில் எச்சரிக்கை

* பணம் கணக்கில் ஏறியதை உறுதி செய்யாமல் சரக்கை வெளியே விடாதீர்கள். பணம் அனுப்பியதாகக் காட்டும் படம் ஆதாரம் ஆகாது.
* பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணோ, க்யூஆர் கோடு ஸ்கேனோ, ஓடிபியோ தேவையில்லை. கேட்டால் மோசடி என்று புரிந்துகொள்ளுங்கள்.
* விற்பனை ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த பருவத்தில் விலை பேச அதுவே ஆதாரம்.

முதல்முறை சிறிதாகத் தொடங்குங்கள்

முழு அறுவடையையும் ஒரே நாளில் கொண்டுபோக வேண்டாம். கால் பங்கை நன்கு காயவைத்து, தரம் பிரித்து அனுப்பிப் பாருங்கள். கிடைத்த விலையை உள்ளூர் விலையோடு ஒப்பிட்டுவிட்டு மீதியை முடிவு செய்யுங்கள். ஏலத்தில் விற்ற விலை தெரிந்துவிட்டால், களத்துமேட்டுக்கு வரும் வியாபாரியிடமும் உங்கள் பேச்சு மாறும்.

சந்தேகங்களுக்கு இ-நாம் இலவச எண் 1800 270 0224, கிசான் கால் சென்டர் 1800 180 1551 ஆகியவற்றை அழைக்கலாம். உங்கள் வட்டார வேளாண் வணிக அலுவலரையும் அணுகலாம்.