நகரும் புள்ளிகள் சொல்லும் வரலாறு

நுழையும்முன்

வரலாறு காலத்தின் கதை மட்டுமன்று, இடத்தின் கதையுமாகும். எப்போது நிகழ்ந்தது என்று கேட்கும் மாணவர், எங்கே நிகழ்ந்தது, ஏன் அங்கே நிகழ்ந்தது என்றும் கேட்கும்போது வரலாறு உயிர்பெறுகிறது. அவ்வினாக்களுக்கு விடைதேட, இன்று மின்னிலக்க நிலப்படங்கள் துணைநிற்கின்றன. தொட்டால் விரிந்து, காலத்தை நகர்த்தினால் தாமும் நகரும் இந்நிலப்படங்கள், கடந்த காலத்தைக் காணும் புதிய கண்களாக விளங்குகின்றன.

தாளில் அடங்காத காலம்

அச்சிட்ட நிலப்படம் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். பேரரசு ஒன்றின் எல்லையை அதில் காணலாம். அவ்வெல்லை விரிந்ததையும் சுருங்கியதையும் காண இயலாது. இக்குறையைக் கணினி தோன்றுவதற்கு முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. பிரான்சு நாட்டுப் பொறியாளர் சார்லஸ் மினார் 1869ஆம் ஆண்டில் ஒரு படம் வரைந்தார். நெப்போலியனின் 1812ஆம் ஆண்டு உருசியப் படையெடுப்பை அது காட்டியது. 4,22,000 வீரர்களைக் குறிக்கும் அகன்ற பட்டை ஒன்று மாஸ்கோவை நோக்கிச் செல்லச் செல்ல மெலிகிறது. திரும்பும் வழியில் கறுப்புக் கோடாகிக் குறுகி, இறுதியில் 10,000 பேரைக் குறிக்கும் இழையாகிறது. குளிரும் பசியும் நோயும் போரும் விழுங்கிய உயிர்களை அந்தப் பட்டையின் அகலமே உணர்த்திவிடுகிறது. இடம், காலம், எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரே தாளில் இணைத்த மினாரின் முயற்சி, இன்றைய மின்னிலக்க நிலப்படங்களுக்கு முன்னோடி எனலாம்.

அடுக்குகளால் ஆன உலகம்

மின்னிலக்க வரலாற்று நிலப்படத்திற்கு அடிப்படையாக இருப்பது புவியியல் தகவல் அமைப்பு. இதில் ஒவ்வோர் இடமும் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு ஆகியவற்றின் எண்களால் குறிக்கப்படுகிறது. அவ்விடத்தோடு ஆண்டு, பெயர், நிகழ்வு, மக்கள் எண்ணிக்கை முதலிய தரவுகள் இணைக்கப்படுகின்றன. ஆறுகள் ஓர் அடுக்கு, சாலைகள் ஓர் அடுக்கு, துறைமுகங்கள் ஓர் அடுக்கு எனக் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல் உலகம் உருவாகிறது. வேண்டிய அடுக்கைச் சேர்க்கலாம்; வேண்டாததை நீக்கலாம். கீழே உள்ள காலக்கோட்டை நகர்த்தினால், அவ்வாண்டுக்குரிய தரவுகள் மட்டும் திரையில் தோன்றும். பழைய நிலப்படங்களையும் இன்றைய புவிப்பரப்பின்மீது பொருத்தி ஒப்பிடலாம்.

தொலைவின் விலை

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 2012இல் ‘ஆர்பிஸ்’ என்னும் நிலப்படத்தை வெளியிட்டது. கி.பி. 200ஆம் ஆண்டளவில் இருந்த உரோமைப் பேரரசின் 632 இடங்களும், அவற்றை இணைத்த சாலைகளும் ஆற்றுவழிகளும் கடல்வழிகளும் இதில் இடம்பெற்றுள்ளன. புறப்படும் நகர், சேரும் நகர், பருவம், பயண முறை ஆகியவற்றைத் தேர்ந்தால், பயணத்திற்குத் தேவையான நாள்களையும் செலவையும் அது கணக்கிட்டுக் காட்டும். செலவைக் கணக்கிடப் பேரரசர் டயோக்ளீசியன் 301ஆம் ஆண்டில் பிறப்பித்த விலைக்கட்டுப்பாட்டு ஆணை உதவியுள்ளது.

இதன்வழி ஓர் உண்மை புலனாகிறது. மாட்டுவண்டியில் தானியம் கொண்டுசெல்வது பெருஞ்செலவு. கப்பலில் கொண்டுசெல்வது எளிது. ஆதலால், உரோமை நகரின் உணவுக்கு அருகிலிருந்த மலைநாட்டைவிடக் கடலுக்கு அப்பாலிருந்த எகிப்து ‘அண்மையில்’ இருந்தது. தொலைவு என்பது கல்தொலைவு மட்டுமன்று; காலமும் செலவும் சேர்ந்ததே தொலைவு என்பதை இந்நிலப்படம் கற்பிக்கிறது.

தெரிந்து தெளிவோம்

உரோமையர் காலச் சாலைப்படம் ஒன்றின் இடைக்காலப் படி வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. ‘பியூட்டிங்கர் அட்டவணை’ எனப்படும் இது, ஏறத்தாழ 6.75 மீட்டர் நீளமும் 34 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. சங்க இலக்கியம் போற்றும் சேரர் துறைமுகமான முசிறி இதில் குறிக்கப்பட்டுள்ளது.

அட்லாண்டிக் கடலின் புள்ளிகள்

மின்னிலக்க நிலப்படம் அறிவுக்கு விருந்தாவதோடு, மனச்சான்றையும் தட்டி எழுப்பும் என்பதற்குச் சான்று ‘ஸ்லேவ் வாயேஜஸ்’ என்னும் தரவுத்தளம். ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக்கி அட்லாண்டிக் கடல்வழியே கொண்டுசென்ற 36,000 பயணங்களின் விவரங்கள் இதில் தொகுக்கப்பட்டுள்ளன. துறைமுகப் பதிவேடுகள், கப்பல் குறிப்பேடுகள், வணிகக் கணக்குகள், செய்தித்தாள்கள் எனப் பல நாடுகளில் பல மொழிகளில் சிதறிக்கிடந்த ஆவணங்களை வரலாற்றாசிரியர்கள் பல்லாண்டுகள் உழைத்து ஒன்றுசேர்த்தனர். 1999இல் குறுவட்டாக வெளிவந்த இத்தொகுப்பு, 2008இல் இணையத்திற்கு வந்தது.

இதன் தரவுகளைக்கொண்டு அமைந்த இயங்கு நிலப்படத்தில் ஒவ்வொரு கப்பலும் ஒரு புள்ளி. தொடக்கத்தில் ஒன்றிரண்டு புள்ளிகள் கடலைக் கடக்கின்றன. ஆண்டுகள் நகர நகர அவை பெருகுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் கடற்பரப்பே புள்ளிக் கூட்டமாகிறது. ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் கப்பலேற்றப்பட்டனர். கரை சேர்ந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் பேர். இடைப்பட்ட 18 இலட்சம் பேரின் உயிர் கடற்பயணத்திலேயே முடிந்தது.

பலரும் கொண்டிருக்கும் எண்ணம் ஒன்றையும் இந்நிலப்படம் திருத்துகிறது. அடிமை வணிகம் என்றதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளே நினைவுக்கு வரும். ஆனால், வட அமெரிக்க நிலப்பகுதிக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 3,90,000 பேர். பிரேசிலில் இறக்கப்பட்டோரோ 48 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். புள்ளிகளில் பெரும்பாலானவை தெற்கே பிரேசிலுக்கும் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் விரைகின்றன. உலகம் சுவைத்த சர்க்கரையின் விலை யாது என்பதை அப்புள்ளிகள் உரைக்கின்றன. 1807இல் இங்கிலாந்து அடிமை வணிகத்தைத் தடைசெய்த பின்னரும் புள்ளிகள் ஓயவில்லை. 1860கள் வரை அவை கடலைக் கடந்துகொண்டே இருந்தன. சட்டம் பிறந்த நாளும் கொடுமை முடிந்த நாளும் ஒன்றல்ல என்பதை நிலப்படம் காட்டிவிடுகிறது.

புள்ளிக்குள் இருந்த பெயர்கள்

எனினும், புள்ளி ஒரு கப்பல். கப்பலுக்குள் இருந்தவர்களோ மனிதர்கள். பெரும்பாலான ஆவணங்கள் அவர்களைச் சரக்காக எண்ணினவேயன்றிப் பெயர்சொல்லி அழைக்கவில்லை. தடைக்குப் பின்னர்ப் பிடிபட்ட கப்பல்களிலிருந்து சியரா லியோனின் ஃப்ரீடவுன், கியூபாவின் ஹவானா முதலிய இடங்களில் விடுவிக்கப்பட்டோரின் பதிவேடுகள் இதற்கு விதிவிலக்காயின. பெயர், வயது, பாலினம் ஆகியவற்றோடு ஏறத்தாழ 91,000 பேரின் விவரங்கள் அவற்றில் எஞ்சியுள்ளன. அயல்மொழி எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய அப்பெயர்கள் எம்மொழிக்குரியவை என்பதை அடையாளம் காண, ஆப்பிரிக்க மொழி பேசுவோரின் துணை நாடப்பட்டது. பெயரின் வழியே மொழியும், மொழியின் வழியே ஊரும் தேடப்பட்டன. எண்ணிக்கையாகச் சுருங்கியவர்கள் மீண்டும் மனிதர்களாயினர்.

நிலப்படம் சொல்லாதவை

எந்த நிலப்படமும் முழு உண்மையைக் காட்டாது. உருண்டையான புவியைத் தட்டையாக்கும்போதே பிழை நுழைந்துவிடுகிறது. மெர்கேட்டர் முறையில் வரைந்த படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. பழங்கால அரசுகளுக்குத் திரையில் வரையப்படும் அழுத்தமான எல்லைக்கோடுகள், அக்காலத்தில் தரையில் இருந்தவை அல்ல. அடிமைக் கப்பல்கள் அனைத்திற்கும் ஆவணங்கள் கிடைக்கவில்லை. ஆகவே, மொத்த எண்ணிக்கை ஆய்வாளர் மதிப்பீட்டால் பெறப்பட்டதே. ஆவணம் இல்லாத இடம் நிலப்படத்தில் வெற்றிடமாகத் தோன்றும். அதனால் அங்கு வரலாறே இல்லை என்று பொருள்கொள்ளலாகாது.

ஆகவே, மின்னிலக்க நிலப்படத்தைக் காணும் மாணவர் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனை உருவாக்கியவர் யார்? தரவுகள் எங்கிருந்து பெறப்பட்டன? எது கணக்கு, எது மதிப்பீடு? யாருடைய குரல் இதில் இடம்பெறவில்லை?

இவ்வினாக்களோடு அணுகினால், நிலப்படம் வேடிக்கைப் பொருளாகாமல் ஆய்வுக் கருவியாகும். விரல்நுனியால் நூற்றாண்டுகளை நகர்த்துவது எளிது. ஆனால், திரையில் ஊர்ந்துசெல்லும் ஒரு புள்ளியைக் கண்டு ஒரு கணம் நின்று, அதனுள் இருந்தவர்களின் பெயர் என்னவாக இருந்திருக்கும் என எண்ணிப்பார்ப்பதே வரலாற்றைக் கற்பதன் பயன்.