கோயில் வாசலில் பெண்கள்: எது சட்டம், எது வழக்கம்?

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. பத்து நாள் விரதம் இருந்து, மஞ்சள் சேலையை மடித்து வைத்து, பால்குடம் எடுக்கக் காத்திருக்கிறாள் ஒரு பெண். விடிந்தால் ஊர்வலம். இரவில் அவளுக்கு மாதவிலக்கு வந்துவிடுகிறது. தலைவரோ பூசாரியோ அவளைத் தடுக்கவில்லை. அவர்களுக்கு விஷயமே தெரியாது. தானாகவே ஒதுங்கிக்கொள்கிறாள். "இந்த வருஷம் ஆத்தா உத்தரவு கொடுக்கல" என்று தாயார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய், கூலிம் என்று கெடாவில் எந்தப் பக்கம் போனாலும், தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

2018-ஆம் ஆண்டு சபரிமலைத் தீர்ப்பு வந்தபோது, அது கடல் கடந்து இங்குள்ள தமிழர் வீடுகளிலும் விவாதமானது. "பெண்களைக் கோயிலுக்குள் விடலாமா, கூடாதா?" என்று ஒரே கேள்வியாகவே பலரும் அதைப் பேசினார்கள். அதனால்தான் விவாதம் சூடானதே தவிர, தெளிவு பிறக்கவில்லை. உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு கோயிலில் குறிப்பிட்ட வயதுப் பெண்களுக்கு உள்ள தடை ஒன்று. எல்லாக் கோயில்களிலும் மாதவிலக்கு நாள்களில் கடைப்பிடிக்கப்படும் விலக்கு இரண்டாவது. கருவறையிலும் பூசையிலும் நிர்வாகத்திலும் பெண்ணுக்கு இடம் உண்டா என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசினால் எதற்கும் விடை கிடைக்காது.

சபரிமலையில் நடந்தது என்ன?

சபரிமலை ஐயப்பன் நைஷ்டிக பிரம்மச்சாரி, அதாவது வாழ்நாள் முழுவதும் பிரம்மச்சரியம் காக்கும் கோலத்தில் எழுந்தருளியிருப்பவர் என்பது ஐதீகம். அதனால் 10 வயது முதல் 50 வயது வரையிலான பெண்கள் அங்கே செல்வதில்லை என்ற வழக்கம் சொல்லப்பட்டு வந்தது. 1991-இல் கேரள உயர்நீதிமன்றம் அந்த வழக்கத்தை ஏற்று, தடையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. 2006-இல் அதை எதிர்த்து இந்திய உச்சநீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 2018 செப்டம்பர் 28-ஆம் தேதி, ஐந்து நீதிபதிகளில் நால்வர் தடை செல்லாது என்றனர்.

இதில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவைத் திறந்துவிட்ட திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936-இல் வந்தது. அதே வழியில், எல்லாப் பிரிவு இந்துக்களும் கோயிலுக்குள் செல்லலாம் என்று கேரள அரசு 1965-இல் ஒரு சட்டம் இயற்றியது. கதவைத் திறக்க வந்த அந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட விதிகளில் ஒன்றுதான், வழக்கப்படி அனுமதிக்கப்படாத காலங்களில் பெண்கள் நுழையக் கூடாது என்றது. தாய்ச் சட்டம் திறந்த கதவை, அதன் பிள்ளையான விதி எப்படி மூட முடியும் என்பது தீர்ப்பின் முக்கியமான கேள்விகளுள் ஒன்று.

மறுப்புத் தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதி ஒரு பெண். அவர் பெயர் இந்து மல்ஹோத்ரா. ஒரு சமயத்தாரின் ஆழ்ந்த நம்பிக்கையை நீதிமன்றம் பகுத்தறிவு கொண்டு அளக்கக் கூடாது என்பது அவர் வாதம். "50 வயது வரை காத்திருப்போம்" என்று 2016-லேயே இயக்கம் நடத்தியவர்களும் பெண்களே. ஆகவே இதை ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான சண்டையாக மட்டும் பார்ப்பது சரியாகாது.

2019 ஜனவரி 2-ஆம் தேதி அதிகாலையில் இரண்டு பெண்கள் சந்நிதானம் சென்று வழிபட்டார்கள். செய்தி தெரிந்ததும் நடை சாத்தப்பட்டு, சுத்திகரிப்புச் சடங்கு செய்த பிறகே மீண்டும் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மறுஆய்வு மனுக்களை விசாரித்த உச்சநீதிமன்றம், மூவருக்கு இருவர் என்ற கணக்கில், இதில் எழும் பெரிய கேள்விகளைக் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பியது. 2020-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அக்கேள்விகளைக் கையில் எடுத்தார்கள்.

கார்த்திகையில் மாலை அணிந்து விரதம் காக்கும் அன்பர்கள் கெடாவிலும் உண்டு. அவர்களுடைய நம்பிக்கை மதிக்கத்தக்கது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சபரிமலைக்குச் சொல்லப்பட்ட காரணம் அந்த மூர்த்தியின் பிரம்மச்சரியக் கோலம். அது நம் தோட்டத்து மாரியம்மனுக்குப் பொருந்தாது. அவள் தாய். அம்மன் கோயில் வாசலில் நின்றுகொண்டு ஐயப்பன் கோயில் காரணத்தைச் சொல்ல முடியாது.

தீட்டு என்னும் இரண்டாவது கேள்வி

நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உண்மையில் நடைமுறையில் இருப்பது வயதுத் தடை அல்ல, மாதவிலக்குத் தீட்டுதான். பெரியவர்கள் இதற்குச் சொல்லும் நியாயங்களையும் கேட்க வேண்டும். தீட்டு பெண்ணுக்கு மட்டும் உரியதல்ல என்பார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்தால், 16-ஆம் நாள் கருமக்கிரியை முடியும்வரை ஆண்களும் கோயில் படி ஏறுவதில்லை. அந்தக் காலத்தில் குழாய்த் தண்ணீர் இல்லை, இன்று கடையில் கிடைக்கும் துணைப் பொருள்கள் இல்லை, பெண்ணுக்கு ஓய்வு தேவைப்பட்டது என்பதும் அவர்கள் சொல்லும் காரணம்.

இந்த ஓய்வுக் கணக்கைத் தோட்டத்து வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, இருட்டில் பால்மரம் வெட்டி, வாளி சுமந்து வந்த தாய்மார்களுக்கு எந்த மண்டோர் மாதம் மூன்று நாள் ஓய்வு கொடுத்தார்? நிரைக்குப் போகத் தடையாக இல்லாத தீட்டு, கோயிலுக்குப் போக மட்டும் தடையானது. லயத்து வீட்டில் சமைக்கவும் துவைக்கவும் பிள்ளையைத் தூக்கவும் அந்த மூன்று நாளும் அவளே வேண்டும். ஓய்வு என்பது பேச்சில் இருந்தது, நடப்பில் இல்லை.

சாவுத் தீட்டுக்கும் இதற்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. சாவுத் தீட்டைச் சொல்ல எவரும் கூச்சப்படுவதில்லை. மாதவிலக்கைச் சொல்லவும் முடியாமல், மறைக்கவும் முடியாமல் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி தவிக்கிறாள். "ஏன் நீ மட்டும் உள்ளே வரல?" என்று கூட்டத்தில் யாராவது கேட்டுவிட்டால் அவள் முகம் எப்படி ஆகும்? தேவாரம் பாடப் போகும் பிள்ளை, பாதியில் வகுப்பை விட்டு நிற்பதற்கு இந்தக் கூச்சமே போதும்.

சமயமே இதைத்தான் சொல்கிறது என்று முடிவு கட்டுவதும் எளிதல்ல. அஸ்ஸாமில் காமாக்கியா தேவி கோயிலில், அம்மனே ருதுவாகிறாள் என்று ஆண்டுதோறும் ஆனி மாத வாக்கில் மூன்று நாள் நடை சாத்தி, நான்காம் நாள் திறக்கிறார்கள். அந்தச் சிவப்புத் துணியைப் பக்தர்கள் பிரசாதமாகப் பெறுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? சபரிமலை பக்தர்கள் இரயிலை விட்டு இறங்கும் செங்கன்னூரிலேயே, பகவதி அம்மனின் மாதவிலக்கு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி பீடத்தில் மாதவிலக்கு நாள்களிலும் பெண்கள் வழிபடலாம். அங்கே கருவறைக்குள் சென்று பெண்களே அபிஷேகம் செய்கிறார்கள். செவ்வாடை அணிந்து அந்த வழிபாட்டு மன்றங்களில் கூடும் பெண்கள் மலேசியாவிலும் பலர். ஆக, இந்து சமயத்துக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கங்கள் உள்ளன. ஒன்று மட்டுமே சாத்திரம், மற்றவை பாவம் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை.

மாத்திரை போடும் பெண்கள்

இந்தக் கேள்வியின் உண்மையான விலையைப் பெண்களின் உடல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பால்குடம், தீமிதி, தைப்பூசம், திருமணம் என்று நாள் குறித்தவுடன், காலண்டரைப் பார்த்து மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைத் தேடுகிறார்கள். பொதுவாகக் கொடுக்கப்படுவது நோரெத்திஸ்டெரோன் என்னும் ஹார்மோன் மாத்திரை. மருத்துவர் பார்த்துக் கொடுத்தால், எப்போதாவது ஒருமுறை எடுப்பது பெரும்பாலோருக்குக் கேடு செய்வதில்லை. ஆனால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும் இதைத் தொடக் கூடாது. தலைவலி, குமட்டல், மார்பு வலி, ஒழுங்கற்ற இரத்தப்போக்கு ஆகியவையும் வரலாம். அக்கம்பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாங்கி விழுங்குவதும், திருவிழாவுக்குத் திருவிழா தானே போட்டுக்கொள்வதும் ஆபத்து. பிள்ளையின் உடலைக் கெடுத்து நிறைவேற்றும் நேர்த்திக்கடனை எந்தத் தாய் ஏற்பாள்? மாரியம்மன் ஏற்பாளா?

பூசையும் நிர்வாகமும்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். ஆகம முறையில் அமைந்த கோயிலில் தீட்சை பெற்ற சிவாச்சாரியாரைத் தவிர வேறு ஆண்களும் கருவறைக்குள் போவதில்லை. அந்தத் தடை பெண்ணுக்கு மட்டும் உரியதல்ல என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தோட்டத்துக் கோயில்களில் பல, மரத்தடியில் ஒரு கல்லும் சூலமுமாகத் தொடங்கியவை. பால்மரம் வெட்டியவரே பூசாரியாக இருந்தார். பெண்களுக்கு அருள் வந்து குறி சொன்னார்கள், மொத்தத் தோட்டமும் கைகட்டிக் கேட்டது. பின்னர் கல் கோயிலாகி, கும்பாபிஷேகம் கண்டு, குருக்கள் வந்தபோது விதிகளும் சேர்ந்து வந்தன. பழைய வழக்கம் என்று நாம் காப்பவற்றில் சில, நம் பாட்டிமார் அறியாதவையாகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் உசிலம்பட்டி வட்டாரத்தில் ஓர் அம்மன் கோயிலில், தந்தைக்குப் பின் பூசை செய்துவந்த மகளை ஊரார் தடுத்தனர். 2008-இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு, அந்தப் பெண்ணுக்கே பூசை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். 2023-இல் திருவரங்கம் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் மூன்று பெண்கள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றார்கள்.

மலேசியாவில் நிலைமை வேறு. இங்கே கோயில் வழக்கத்தை முடிவு செய்யப் பெரும்பாலும் நீதிமன்றம் வருவதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது பிரிவு, ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் சமயக் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள உரிமை தருகிறது. பால் வேறுபாடு காட்டக் கூடாது என்று 8-ஆவது பிரிவில் 2001-இல் சேர்க்கப்பட்ட திருத்தம், முக்கியமாகச் சட்டங்களுக்கும் அரசாங்கப் பொறுப்புகளுக்கும் உரியது. பினாங்கில் இந்து அறப்பணி வாரியம் இருக்கிறது. மற்ற இடங்களில் ஏராளமான கோயில்கள் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்று, செயற்குழு அமைத்து இயங்குகின்றன. அதாவது, நம் கோயில் விதியை எழுதுவது டில்லி நீதிபதி அல்ல. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கை தூக்கும் உறுப்பினர்களே எழுதுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்? கோயிலைக் கூட்டி மெழுகுவது, கோலமிடுவது, பூ தொடுப்பது, அன்னதானத்துக்கு அரிசி களைவது, வீடு வீடாக நன்கொடைப் புத்தகத்தோடு நடப்பது எல்லாம் பெண்கள். கணக்கு வாசிக்கும் மேசையில் மட்டும் பெரும்பாலும் ஆண்கள். மகளிர் பிரிவு என்றால் சமையல் பிரிவு என்றே பல இடங்களில் பொருள்.

என்ன செய்யலாம்?

வழக்கத்தை மாற்றுவது கெடாத் தோட்ட மக்களுக்குப் புதிதல்ல. 1946, 47-ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, குடும்பங்களைக் கெடுத்த கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. கள்ளும் அன்று "வழக்கம்"தான்.

முதலாவதாக, மாதவிலக்கு நாளில் கோயிலுக்குப் போவதா இல்லையா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். ஒதுங்கி நிற்க விரும்புகிறவளைப் பத்தாம்பசலி என்று பழிக்க வேண்டாம். உள்ளே வருகிறவளை விசாரிக்கவும் வேண்டாம். தடுக்க வேண்டியவர் யாரும் இல்லையென்றாலும் அவள் ஒதுங்குகிறாள் என்றால், அது பக்தியாக இருக்க வேண்டுமே தவிர, பயமாக இருக்கக் கூடாது. இரண்டாவதாக, தாய்மார்கள் மகளிடம் இதை அசிங்கம் என்று சொல்லாமல், உடலின் இயல்பு என்று சொல்லித் தர வேண்டும். மூன்றாவதாக, மாத்திரை வேண்டும் என்றால் கிளினிக்கில் கேட்டே எடுக்க வேண்டும். நான்காவதாக, பெண்கள் உறுப்பினர் பாரம் பூர்த்தி செய்து, பொதுக்கூட்டத்துக்கு வர வேண்டும்.

சபரிமலை வழக்கை நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும். நம் தோட்டத்துக் கோயிலின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அறிவிப்பு வரும்போது, அதை வாங்கிப் படித்து, நிகழ்ச்சி நிரலில் தன் கேள்வியைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கும் முதல் பெண் யார்?