காதால் படிப்பவர்களுக்கும் நெல் விற்க வேண்டும்

குறுவையை அறுத்துக் களத்தில் கொட்டிவிட்டு, மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற தஞ்சை விவசாயிக்கு, நெல்லை விற்க இப்போது இணையமும் வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்கு 2021-ல் இணையவழிப் பதிவு வந்தது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் கொடுத்துப் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) சரிபார்க்க வேண்டும். பட்டா நகலும் சம்பா காப்பீடும் அதே வழியில்தான்.

அந்த விவசாயிக்குப் பார்வை இல்லையென்றால்?

போனில் இருக்கும் டாக்பேக் திரையில் உள்ளதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டும். கணினிக்கு என்விடிஏ இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கி, காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்த மென்பொருள் அது. கருவியில் குறை இல்லை. நாம் ஏற்றுகிற பக்கங்களில்தான் கோளாறு.

ஓர் அறிவிப்பைத் தாளில் அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் இட்டு, ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாகப் போடுகிறார்கள். கண் தெரிந்தவருக்கு அது எழுத்து. வாசிப்புக் கருவிக்கு வெறும் படம். கடைசித் தேதி அதற்குள் இருந்தாலும் காதில் ஒன்றும் விழாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பக்கம் இன்னும் மோசம். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கருவி ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று ஆங்கில எழுத்துகளாக உளறும். யுனிகோடுதான் அரசின் தரம் என்று 2010-லேயே தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது. அதன் பிறகும் பழைய எழுத்துருவில் ஒரு பக்கம் ஏறினால் அதை அலட்சியம் என்றே சொல்வேன்.

அடுத்த தடை, கோணல் எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ட்சா. ஒலி வடிவம் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். பிறகு யாரையாவது அழைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போய், வங்கி எண்ணையும் ஓடிபியையும் முன்பின் தெரியாதவரிடம் சொல்ல வேண்டும். தன் நிலத்து நெல்லை விற்க ஒருவர் இப்படித் தன் அந்தரங்கத்தைத் திறந்து காட்ட வேண்டியிருப்பது அநியாயம்.

கண்ணில் புரை விழுந்த பெரியவருக்கு வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கிறது உலக அளவிலான இணையத் தரவிதி. பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கும் வாசித்துக் காட்டும் பக்கம்தான் உதவும்.

இணையச் சேவைகள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே கேட்டது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், இணையச் சேவைகளைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசு அலுவலர்களே, அடுத்த சம்பா காப்பீட்டு அறிவிப்பை யுனிகோடில் தட்டச்சு செய்து ஏற்றுங்கள். ஏற்றியதும் டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் முறைப்பாசன அறிவிப்பைப் போட்டோவாகப் போடும் விவசாய நண்பர்களே, அதற்குக் கீழே எந்த வாய்க்காலில் எந்தத் தேதியில் தண்ணீர் வரும் என்பதை எழுத்தாகவும் போடுங்கள்.