பழைய டீஸல் எஞ்சின்களின் வலிமையும் அவற்றை மதிப்பிடும் முறையும்

உழவுக்கும் பாரம் ஏற்றுவதற்கும் உரிய யந்திரங்களில் ஆண்டுதோறும் புதியன தோன்றிக்கொண்டே இருக்கின்றன. புதியது வந்ததும் பழையதைத் தள்ளிவிடுவது எங்கும் உள்ள வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ இதற்கு மாறான நிலைமை காணப்படுகிறது. 40 ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட பெரிய டீஸல் டிராக்டர்களையும் லாரிகளையும் அந்நாட்டுக் குடியானவர்கள் ஏலத்தில் போட்டியிட்டு வாங்கி வருகின்றனர். 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், மின்னஸோட்டா மாகாணத்து ஏலங்களில் 1970-களிலும் 1980-களிலும் செய்யப்பட்ட டிராக்டர்களுக்கு ஏற்பட்ட கிராக்கியைப் பற்றிப் பத்திரிகைகள் விவரமாக எழுதின. இது வெறும் மோகமா, அன்றிக் கணக்குப் பார்த்துச் செய்யும் காரியமா என்பதை அறிந்துகொள்வது, யந்திரத்தில் பணம் போட எண்ணும் மிராசுதார்களுக்கும், அவர்களுக்கு யோசனை சொல்லும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் பயன்படும்.

டீஸல் எஞ்சின் இயங்கும் விதம்

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து சிலிண்டருக்குள் புகுந்து, மின்சாரப் பொறியினால் தீப்பற்றுகின்றன. டீஸல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்று மாத்திரம் உள்ளே சென்று, ஏறக்குறைய 16-ல் ஒரு பங்காகச் சுருங்கும்வரை பிஸ்டனால் அழுத்தப்படுகிறது. அவ்வழுத்தத்தால் காற்று மிகுந்த சூடேறுகிறது. அச்சமயத்தில் எண்ணெயை நுண்ணிய துளிகளாகப் பீச்சினால், அது தானே பற்றி எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

ருடால்ப் டீஸல் என்னும் ஜெர்மானிய நிபுணர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சின், எண்ணெயின் உஷ்ணத்தில் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் இதற்கு வெகுதூரம் பின்தங்கியிருந்தன. ஆனால் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய காரணத்தால் டீஸல் எஞ்சின் மிகவும் கனமாக இருந்தது. 1920-களில்தான் அது டிராக்டரிலும் லாரியிலும் ஏறியது. 1927-இல் பாஷ் கம்பெனியார் எண்ணெய் பீச்சும் பம்பை ஏராளமாகச் செய்து விற்கத் தொடங்கிய பிறகு, அதன் உபயோகம் வேகமாகப் பரவியது.

குதிரைச் சக்தி வேறு, இழுவை வேறு

எஞ்சினை வாங்குவோர் முதலில் கேட்பது, எத்தனை குதிரைச் சக்தி என்பதே. ஆனால் கலப்பையை இழுப்பது, சக்கரத்தை முறுக்கும் வலிமையாகும். இம்முறுக்கு வலிமையையும் எஞ்சின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்றுக்களையும் பெருக்கி வருவதே குதிரைச் சக்தி. ஆகையால், 1,000 சுற்றில் 100 குதிரைச் சக்தி தரும் எஞ்சினுக்கு, 2,000 சுற்றில் அதே சக்தி தரும் எஞ்சினைப்போல் இருமடங்கு முறுக்கு வலிமை உண்டு. பல் சக்கரங்களைக் கொண்டு இவ்விரண்டையும் சமப்படுத்தலாம் என்பது உண்மையே. எனினும், கலப்பை இறுகிய மண்ணிலே சிக்கி எஞ்சினின் வேகம் தளரும்போது, முறுக்கு வலிமை குறையாமல் ஏறிக்கொண்டு வருமானால், ஓட்டுபவர் கியரை மாற்றாமலே சால் முடியும். வண்டியில் விரைந்தோடும் காளைக்கும், சேற்றில் முழங்காலளவு புதைந்தும் நில்லாமல் இழுக்கும் உழவு மாட்டுக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

1931-இல் கேட்டர்பில்லர் கம்பெனியார் வெளியிட்ட டீஸல் டிராக்டர் இதற்குத் தக்க உதாரணம். அதன் நான்கு சிலிண்டர்களில் ஒவ்வொன்றும் 6⅛ அங்குலக் குறுக்களவும், 9¼ அங்குலப் பிஸ்டன் ஓட்டமும் உடையது. மொத்தக் கொள்ளளவு 1,090 கன அங்குலம். நிமிஷத்துக்கு 700 சுற்றுக்களே அது சுற்றும். அதைக் கையினால் சுற்றித் துவக்குவது இயலாதாகையால், இரண்டு சிலிண்டருள்ள சிறு பெட்ரோல் எஞ்சின் ஒன்றை உடன் பொருத்தியிருந்தனர். இவ்வளவு பெரிய எஞ்சின், இக்காலத்து நடுத்தர டிராக்டர் தரும் குதிரைச் சக்திக்கு மேல் தரவில்லை. ஆயினும், மெதுவாகச் சுற்றியமையாலும் உறுப்புக்கள் பருமனாக இருந்தமையாலும் நெடுங்காலம் உழைத்தது.

பெயர்பெற்ற சில எஞ்சின்கள்

1938-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் வெளியிட்ட 71 வரிசை எஞ்சின்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. சிலிண்டர் ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்பதே அப்பெயரின் காரணம். சாதாரண டீஸல் எஞ்சினில் இரு சுற்றுக்கு ஒருமுறை நிகழும் எரிப்பு, இவற்றில் ஒவ்வொரு சுற்றிலும் நிகழும். எரிந்த புகையை வெளியேற்றப் புதுக்காற்றை உள்ளே தள்ளும் ஊதுயந்திரம் ஒன்று இவற்றுக்கு அவசியம். சிறிய எஞ்சினுக்கும் பெரியதற்கும் பிஸ்டன் முதலிய பல உறுப்புக்கள் ஒன்றாகவே இருந்தது பெரிய சௌகரியம். 1957-58 குளிர்காலத்தில் மின்னஸோட்டாவிலுள்ள ஒரு பண்ணையில் ஸ்டைகர் குடும்பத்தார் தாமே முதல் டிராக்டரைச் செய்தபோது, அதில் வைத்தது 238 குதிரைச் சக்தியுள்ள இவ்வகை ஆறு சிலிண்டர் எஞ்சினே. எட்டுச் சிலிண்டருள்ள மற்றொன்று, 318 குதிரைச் சக்தியுடன் லாரிகளில் புகழ்பெற்றது. ஆனால் இவ்வெஞ்சின்கள் வேகம் தளர்ந்தால் இழுக்கமாட்டா. சுற்றைக் குறையவிடாமல் ஓட்ட வேண்டும். பழைய எஞ்சின்கள் எல்லாம் ஒரே குணம் உடையவை அல்ல என்பதற்கு இது சான்று.

கம்மின்ஸ் கம்பெனியாரின் 855 கன அங்குல எஞ்சின், ஆறு சிலிண்டர் உடையது. லாரிகளிலும், நான்கு பெருஞ்சக்கரங்களால் இயங்கும் டிராக்டர்களிலும் அது மிகுதியாகப் பரவியது. தேய்ந்த சிலிண்டர்க் குழாய்களைக் கழற்றிப் புதியன செருகிவிடலாமாகையால், அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கக் கூடும். அதே கம்பெனியார் கேஸ் கம்பெனியாருடன் கூடி 1980-களில் செய்த 5.9 லிட்டர் எஞ்சின், பண்ணை யந்திரங்களில் பழகிய பிறகு, 1989-இல் டாட்ஜ் சிறுலாரியில் ஏறியது. அதன் கொள்ளளவு 359 கன அங்குலம். அதாவது, மேற்சொன்ன 1931-ஆம் ஆண்டு எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு. ஆயினும் 160 குதிரைச் சக்தி தந்தது. வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று காற்றைத் திணிக்கும் டர்போ சாதனமே இதற்குக் காரணம். 1998 வரை வந்த இவ்வகை எஞ்சின்களில் பீச்சும் பம்பு கம்ப்யூட்டர் இன்றி இயங்கியது. அதனாலேயே இன்றும் அவற்றை விரும்பித் தேடுகின்றனர்.

வலிமையின் எல்லை எனத்தக்கது, மொன்டானா மாகாணத்து ஹாவர் என்னும் ஊரில் 1977-இல் செய்யப்பட்ட பிக் பட் 747 என்ற டிராக்டர். 16 சிலிண்டருள்ள அதன் எஞ்சின் முதலில் 760 குதிரைச் சக்தி தந்தது. பின்னர் அது 1,100 வரை உயர்த்தப்பட்டது. முதலில் கலிபோர்னியாவில் பருத்தி நிலத்தை ஆழக் கிளறுவதற்கும், பிற்காலத்தில் மொன்டானாவில் 80 அடி அகலமுள்ள கொத்துக் கலப்பையை இழுப்பதற்கும் அது உபயோகமாயிற்று. மணிக்கு 7 மைல் வேகத்தில் சென்றால், நிமிஷத்துக்கு ஒரு ஏக்கருக்கு மேல் உழலாம் என்று கணக்காகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒரே பரப்பாக உள்ள இடத்தில்தான் இத்தகைய யந்திரத்துக்கு வேலை உண்டு. நிலத்தின் அளவுக்கு மிஞ்சிய குதிரைச் சக்தி, கொட்டிலில் நிற்கும் கடனே ஆகும்.

பழையதை நாடுவதன் காரணம்

அமெரிக்கக் குடியானவர்கள் பழைய எஞ்சினை விரும்புவதற்கு முக்கிய காரணம், அதைத் தாமே பழுதுபார்க்கக் கூடும் என்பதாகும். புகையின் நச்சைக் குறைப்பதற்காக அந்நாட்டில் 1996 முதல் பண்ணை எஞ்சின்களுக்கும் படிப்படியாகச் சட்டக் கட்டுப்பாடுகள் வந்தன. அதன் விளைவாக, புது எஞ்சின்களில் கம்ப்யூட்டரும், புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்களும் சேர்ந்தன. அறுவடைக் காலத்தில் ஓர் உணர்கருவி கெட்டு யந்திரம் நின்றுவிட்டால், கம்பெனி ஆள் வந்து தன் கருவியால் சோதிக்கும்வரை காத்திருக்க நேரிடுகிறது. பயிரோ காத்திராது. இக்குறையை நீக்குவதற்காக, பண்ணை யந்திரங்களைச் சொந்தக்காரரே பழுதுபார்க்கும் உரிமையைக் கொலராடோ மாகாணம் 2023-இல் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் மத்திய வியாபாரக் கமிஷன் இதே விஷயமாக ஜான் டீயர் கம்பெனியார்மீது வழக்குத் தொடர்ந்தது.

ஆயினும், மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். டீஸல் புகை புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2012-இல் தீர்மானித்தது. புது எஞ்சின்களின் புகை பழையவற்றினும் மிகவும் குறைவு. ஆகவே, மூடிய கொட்டிலில் பழைய எஞ்சினை ஓட்டுவது ஒருபோதும் தகாது.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

1. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது துவக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாட்காலை மீண்டும் வருவது நலம்.

2. புகையின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். பாரம் இழுக்கையில் கரும்புகை மிகுந்தால், எண்ணெய் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. நீலப்புகை, மசகெண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிடில், எண்ணெய் சரிவர எரியவில்லை, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் புகுகிறது.

3. மசகெண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, ஓடும் எஞ்சினைப் பார்க்க வேண்டும். அங்கே புகை வேகமாகக் கிளம்பினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன என்று கொள்ளலாம். மசகெண்ணெய் பால் கலந்தாற்போல் இருந்தால், தண்ணீர் கலந்துள்ளது.

4. 855 எஞ்சினைப்போல், கழற்றக்கூடிய சிலிண்டர்க் குழாயைத் தண்ணீர் நேரே சூழ்ந்துள்ள எஞ்சின்களில், குழாயின் அதிர்ச்சியால் சிறு நீர்க்குமிழிகள் உண்டாகி வெடித்து, இரும்பை அரித்துத் துளையிடும். இதைத் தடுக்கும் மருந்து ரேடியேட்டர் நீரில் முறைப்படி சேர்க்கப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். வெறும் கிணற்று நீரை ஊற்றி வந்த எஞ்சினை நம்புவதற்கில்லை.

5. மேற்கூறிய 5.9 லிட்டர் எஞ்சினின் முன்பக்கத்தில், பல் சக்கரப் பெட்டியைப் பொருத்தும் சிறு முளை ஒன்று உண்டு. அது நாளடைவில் அதிர்ந்து வெளிவந்து பல் சக்கரங்களிடையே விழுந்தால், பெருஞ்சேதம் விளையும். அம்முளை வெளிவராதபடி தடுப்புத் தகடு இடப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுதல் அவசியம்.

6. ஒவ்வொரு சுற்றிலும் எரியும் வகை எஞ்சின்களில், அடக்கமின்றி வேகம் ஏறிவிடும் அபாயம் உண்டு. காற்று வழியை உடனே அடைக்கும் அவசரக் கதவு ஒழுங்காக வேலை செய்வதைக் கண்ணால் காணாமல் அவற்றை வாங்கலாகாது.

7. இக்காலத்து டீஸல் எண்ணெயில் கந்தகம் மிகக் குறைவு. அது மாறியபோது, பழைய பம்புகள் சிலவற்றில் ரப்பர் வளையங்கள் சுருங்கி ஒழுகின. பம்பைப் பிரித்துப் புது வளையம் இடும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சக்தியைக் கூட்டும் ஆசை

பம்பைத் திருகி எண்ணெயை அதிகமாக விட்டால், பழைய எஞ்சினில் சக்தி ஏறுவது கண்கூடு. பந்தயத்துக்காக இழுப்போர் இதைச் செய்கின்றனர். ஆனால் எண்ணெய்க்கு ஏற்ற காற்று இல்லையெனில், கரும்புகையோடு உஷ்ணமும் மிகுந்து பிஸ்டன் உருகும். எஞ்சின் தாங்கினும், கிளச்சும் கியர்ப் பெட்டியும் பின் அச்சும் முதற் சக்திக்கென்றே செய்யப்பட்டவையாதலால் அவை முறியும். பழைய எஞ்சினின் நீடித்த உழைப்பு, சக்தியை முழுவதும் பிழியாமல் வைத்திருந்ததன் பலன் என்பதை மறக்கலாகாது.

முடிவாக, பழைய டீஸல் எஞ்சினின் பெருமை தகட்டில் பொறித்துள்ள குதிரைச் சக்தியில் இல்லை. மெதுவாகச் சுற்றி இழுக்கும் தன்மை, உறுப்புக்கள் கிடைக்கும் சௌகரியம், உள்ளூர் மெக்கானிக் கழற்றிப் பூட்டக்கூடிய அமைப்பு ஆகிய இம்மூன்றும் ஒருங்கே இருந்தால், அது விலைக்குத் தகுந்த பொருளாகும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு பெயர்பெற்ற எஞ்சினாயினும், அதை ஆசைக்காக வாங்குவதாகவே கொள்ள வேண்டும். நிலத்தின் வருமானத்தைக்கொண்டு வாங்குவோர் அதைத் தவிர்ப்பது நலம்.