'புக்ரா' என்றால் எந்த நாள்? வளைகுடா செல்லும் சகோதரர்களுக்கு

இராஜபாளையத்தை அடுத்த தேவதானத்தில் தோப்பு வேலைக்குப் போகும் ஒருவரிடம் "எப்போது வருவீர்கள்?" என்று கேட்டால், "வெயில் தாழ வாரேன்" என்பார். மணி சொல்லமாட்டார். கேட்டவருக்கும் குழப்பம் இருக்காது. அதே பகுதியிலிருந்து சவூதிக்குச் சென்ற இளைஞர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது நம்மிடம் அலுத்துக்கொண்டார்: "அரபிகளுக்கு நேரமே தெரியாது ஹஜ்ரத். இஷாவுக்குப் பிறகு வா என்பார்கள், எத்தனை மணி என்று சொல்லமாட்டார்கள்."

"வெயில் தாழ" என்பதும் "பஃதல் இஷா" என்பதும் ஒரே வகைப் பேச்சுதான் என்பதை அவர் யோசிக்கவில்லை. வெளிநாட்டில் நேரத்தால் வரும் மனக்கசப்புகளில் பலவும் உண்மையில் மொழியால் வருபவை.

மக்காவில் மஃரிப் குளிர்காலத்தில் மாலை 5:40 அளவிலும், கோடையில் 7 மணிக்கு மேலும் வரும். சவூதியில் அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழித்து இஷா, ரமளானில் இரண்டு மணி நேரம் கழித்து. தொழுகை அட்டவணை ஒன்று கையில் இருந்தால் "பஃதல் இஷா" என்பது தெளிவான நேரமாகிவிடும். அதுபோல, இஸ்லாமிய நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. ஆகவே "லைலத்துல் ஜும்ஆ" என்றால் வியாழன் மாலைக்குப் பின் வரும் இரவு. நம் பெரியவர்களும் அதையே 'வெள்ளி இரவு' என்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை போய் நின்றால் ஒரு நாள் தாமதம்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கும் சிரமம் உண்டு. நாம் நாளைக்கு 'ஃகதன்' என்று படித்தோம். கடைத்தெருவில் 'புக்ரா' என்பார்கள், அமீரகத்திலும் குவைத்திலும் 'பாச்சிர்' என்பார்கள். எழுத்து அரபி வேறு, பேச்சு அரபி வேறு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மீண்டும் மாணவராக வேண்டியதுதான். நபி (ஸல்) அவர்களின் கட்டளைப்படி ஸைத் பின் ஸாபித் (ரலி) யூதர்களின் எழுத்தை அரை மாதத்திற்குள் கற்றுக்கொண்டதாக ஹதீஸில் வந்துள்ளது.

முதலில் கற்க வேண்டியவை எண்கள். அங்கு வழங்கும் அரபு எண்களில் ஐந்து நம் பூஜ்யம் போலவும், ஆறு நம் ஏழு போலவும் இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. மேலே சொன்ன இளைஞர் சீட்டில் இருந்த ஆறை ஏழாகப் படித்து ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார். வண்டி போய்விட்டது, அன்றைய கூலியும் போனது. "இவர்களுக்கு நேரமே தெரியாது" என்று அன்று அங்கே சொன்னது முதலாளி!

அடுத்தது தேதி. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே. ஓர் ஆவணம் ஹிஜ்ரி கணக்கில் ஓராண்டு செல்லும் என்றால், ஆங்கில ஆண்டைவிடப் பத்துப் பதினொரு நாள் முன்பே அது காலாவதியாகும். எந்தக் கணக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒப்பந்தம். சவூதியிலும் அமீரகத்திலும் அரபு வாசகத்திற்கும் மற்ற மொழி வாசகத்திற்கும் வேறுபாடு வந்தால் அரபு வாசகமே செல்லும். சம்பளம், வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றை அரபி அறிந்த ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்த பிறகே கையெழுத்திடுங்கள்.

"புக்ரா, இன்ஷா அல்லாஹ்" என்று முதலாளி சொன்னால், "ஸாஆ கம்?" (எத்தனை மணிக்கு?) என்று பணிவாகக் கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு இல்லை. நாளை செய்வேன் என்பதோடு அல்லாஹ் நாடினால் என்று சேர்த்துச் சொல்லும்படி கஹ்ஃபு அத்தியாயம் (18:23,24) கற்றுத்தருகிறது. அது வாக்கைத் தட்டிக்கழிக்கும் சொல் அல்ல. அவர்களுக்கு மட்டுமல்ல, அந்தச் சொல்லைச் சொல்லும் நமக்கும் இது பொருந்தும்.

மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் கூறுகிறான் (30:22). அந்த வேறுபாட்டைப் புரிந்து நடந்து, ஹலாலான சம்பாத்தியத்துடன் நம் சகோதரர்கள் நலமாக ஊர் திரும்ப அவன் அருள்புரிவானாக, ஆமீன்.