கடலுக்குள் நிற்கும் மலைகள்

கார்வேட்டிநகரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் மலைதான் தெரியும். அதனால் கடலுக்குள்ளும் மலை இருக்கிறது என்றால் இங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை. “இருந்துட்டுப் போகட்டுமே, அதால நமக்கு என்ன?” என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பேச வேண்டிய கேள்வியும்கூட.

லட்சத்தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை இறைத்துவிட்டுப் பார்க்க முடிந்தால் அது தீவுக்கூட்டமாகத் தெரியாது; மாலத்தீவு வழியாகச் சாகோஸ் வரை தெற்கே நீளும் ஒரு மலைத்தொடரின் வடக்கு உச்சிகளாகத் தெரியும். சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பைக் கொட்டிய அதே வெப்பப் புள்ளியின் மேல் இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தபோது, அடுத்தடுத்து எழுந்தவை இவை. எரிமலை அமிழ அமிழ அதன் தலையில் பவளம் வளர்ந்தது. நீருக்கு மேலே வந்தது தீவானது, வராதது திட்டாக உள்ளேயே நின்றுவிட்டது. அரபிக்கடலில் முழுக்க மூழ்கி நிற்கும் மலைகளும் உண்டு. அவற்றுள் மூன்றுக்கு சி.வி. ராமன், கடலியல் அறிஞர் என்.கே. பணிக்கர், நிலவியலாளர் டி.என். வாடியா ஆகியோரின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்.

மலையில் முட்டிய காற்று மேலேறி மழையாக இறங்குவதை நாம் பார்க்கிறோம். கடலுக்குள்ளும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஆழத்து நீரோட்டம் மலையில் மோதினால், அடியிலிருக்கும் சத்துள்ள குளிர்ந்த நீர் மேலே எழும்புகிறது. மிதவை உயிரிகள் பெருகும், அவற்றைத் தின்னச் சிறு மீன் வரும், அதைத் தேடிச் சூரை வரும். இன்னொன்றும் நடக்கிறது. ஆழ்கடல் தரை பெரும்பாலும் சேறு. பவளமும் கடற்பஞ்சும் வேர்பிடித்து நிற்கக் கல் வேண்டும். மலைச்சரிவில் நீரோட்டம் சேற்றைத் துடைத்துப் பாறையை வெளியே விடுகிறது. அப்படியொரு பாறையில், ஹவாய்க்குப் பக்கத்தில், 4,000 ஆண்டுகளுக்கு மேல் வயதான கருப்புப் பவளம் உயிரோடு கிடைத்திருக்கிறது.

லட்சத்தீவின் மினிக்காய்க்காரர்கள் சூரை பிடிப்பதைக் கவனித்தால் “நமக்கு என்ன” என்பதற்குப் பாதி பதில் கிடைக்கும். உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசுவார்கள். படகிலிருந்து நீரைப் பீய்ச்சியடித்துக் கடல்பரப்பைக் கலக்குவார்கள். கூட்டம் மேலே வந்ததும் வரிசையாக நின்று, கொக்கியில் எதிர்முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகுக்குள் போடுவார்கள். அதை வேகவைத்துப் புகைபோட்டு உலர்த்தினால் மாசிக்கருவாடு. சூரை பிடிக்கும் இந்தத் தூண்டில் கடலடியைத் தொடுவதில்லை. மாறாக, நியூசிலாந்துப் பக்கம் இழுவலையை மலை உச்சிகள் மேலேயே இழுத்தார்கள். பிறகு அங்கே மீன்பிடிப்பை 15 ஆண்டுகள் நிறுத்தி வைத்தும் பவளம் பழையபடி வளரவில்லை.

மீதிப் பாதி பதில் நம் காலத்துச் சங்கதி. இலங்கைக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டையும் தாண்டி, அஃபனாசி நிகிதின் என்றொரு கடல்மலை. 15ஆம் நூற்றாண்டில் பீதர் வரை வந்த ரஷ்ய வணிகரின் பெயர் அது. நீளம் சுமார் 400 கிலோமீட்டர். ஏறத்தாழ 4,800 மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்து, சுமார் 1,600 மீட்டர் ஆழத்தில் அதன் உச்சி நிற்கிறது. பாறைமேல் கோபால்ட் கலந்த உலோகப் படிவு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்திடம் 2024 ஜனவரியில் இந்தியா அங்கே ஆய்வுரிமை கேட்டது. இலங்கையோ 2009லேயே தன் கண்டத்திட்டின் எல்லையை நீட்டித்துத் தரும்படி ஐ.நா.வில் மனு கொடுத்திருக்கிறது. அந்தப் பரப்புக்குள் இந்த மலையும் வருகிறது.

அந்தப் படிவு பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பவளம் ஒட்டியிருப்பதும் அதே தோலில்தான். உலோகத்தை மட்டும் தனியே உரித்தெடுக்க வழியில்லை. பேட்டரிக்குக் கோபால்ட் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே என்னென்ன வாழ்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் எடை போட உட்காருவது தவறு என்பேன்.

எண்ணுவதற்கான கருவி சென்னை பள்ளிக்கரணையில் உருவாகி வருகிறது. தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் மத்ஸ்யா 6000 மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆய்வு ஒப்பந்தம் கிடைத்தால் அதன் காலம் 15 ஆண்டு. முதல் சில ஆண்டுகளை உயிர்க்கணக்குக்கு மட்டும் ஒதுக்க வேண்டும், இலங்கை விஞ்ஞானிகளையும் கூட அழைத்துப் போக வேண்டும், எடுத்த படங்களை இரண்டு நாட்டு மீனவர்களும் பார்க்கத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும்.